ஒன்பது வாட்

கேள்வி கேட்க ஒருவர் வந்து நிற்கிறார் என்று தெரிந்தும் உலகம்மை நிமிரவில்லை. மடியில் சின்ன வெங்காயக் கூடை. கண்ணிலிருந்து தாரைதாரையாகத் தண்ணீர்.

"அம்மா அழுறீங்களா?" என்றார் குற்றாலலிங்கம்.

"அழுறது வெங்காயம். நான் கூடமாட ஒத்தாசை. உட்காருங்க ஐயா."

குருவுக்கு முப்பத்தாறு வயது. சீடராக வந்தவருக்கு அறுபத்தொன்று. நூற்பாலையில் எலெக்ட்ரிகல் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் ஓய்வு பெற்றாலும் சட்டைப் பையில் இருந்த டெஸ்டர் ஓய்வு பெறவில்லை. பக்கத்தில் ஒரு தெர்மாமீட்டர் வேறு துணைக்கு நின்றது. ஆலையில் மோட்டார் சூட்டை அளந்த நீளமான தெர்மாமீட்டர்.

கரிசல் காட்டுக்கு நடுவே, மினிபஸ் திரும்பும் இடத்தில் இருந்தது வெயில் மடம். மடம் என்றால் மண்டபமா, மணியா? ஒன்றும் கிடையாது. ஒரு தகரக் கொட்டகை, ஒரு வேம்பு, வெட்டவெளியில் வரிசையாக ஐந்து கறுப்புப் பெட்டிகள். பழைய டிரங்குப் பெட்டி மாதிரியே இருக்கும். மேலே கண்ணாடி மூடி. மூடிக்குப் பின்னால் முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று சாய்ந்து நின்று, வெயிலைப் பிடித்து உள்ளே தள்ளும். காலையில் அரிசியும் பருப்பும் வைத்து மூடினால் மத்தியானம் சோறும் குழம்பும். விறகு இல்லை, கேஸ் இல்லை, ஊதி ஊதி மூச்சு வாங்குகிற வேலை இல்லை.

வருகிறவர்களுக்கெல்லாம் மதியச் சோறு போட்டாள் உலகம்மை. சாப்பிட்டவர்கள் அவளை 'சாமி' என்றார்கள். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தாள். வாயில் சோற்றை வைத்திருப்பவர்களிடம் வாதாடி ஜெயிக்க முடியாது என்று விட்டுவிட்டாள்.

"அம்மா, என் வீட்டை முழுக்க வெயில்ல ஓட்டணும். எங்கேருந்து ஆரம்பிக்கட்டும்?"

"வீட்ல யார் யார் இருக்கீங்க?"

"ஃபேன் மூணு. டியூப்லைட் நாலு இருந்துச்சு, எல்லாத்தையும் எல்.இ.டி. ஆக்கிட்டேன். ஃபிரிட்ஜ் நூத்தித் தொண்ணூறு லிட்டர். மிக்ஸி, கிரைண்டர், டிவி, அப்புறம் அரை எச்.பி. மோட்டார்…"

உரித்துக்கொண்டிருந்த கை நின்றது.

"யார் இருக்காங்கன்னு கேட்டேன், ஐயா."

"ஓ." மூக்குக் கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டார். "நானும் ஆவுடையும். என் வீட்டுக்காரி."

அதற்குப் பிறகு அவரை யாரும் கேட்கவில்லை. அவரே கொட்டினார்.

வேலையிலிருந்து வந்த நாள் முதல் வீட்டில் வீணாகிற மின்சாரத்தைத் துரத்திக்கொண்டிருந்தார். ஃபிரிட்ஜ் கதவின் ரப்பரை மாற்றினார். நல்ல காரியம். மோட்டார் தொட்டியைத் தாண்டி ஓடாமல் மிதவை வைத்தார். அதுவும் நல்ல காரியம். நூற்று நாற்பது யூனிட் ஓடிய வீடு நூறுக்கு இறங்கியது. அங்கே நின்றிருக்கலாம். நிற்கவில்லை. சுவிட்சுக்குச் சுவிட்சு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டினார். ஃபேன் ரெகுலேட்டரை இரண்டுக்கு மேல் திரும்பாதபடி டேப் சுற்றினார். ஃபிரிட்ஜை எத்தனை தடவை திறக்கலாம் என்று கதவிலேயே எழுதி வைத்தார். போன வருடம் வாசல் பல்பைக் கழற்றி எடுத்தார். அன்று ராத்திரியே உடைந்த படியில் இடறி ஆவுடையின் இடது கால் சுண்டுவிரல் நகம் போனது.

மச்சான் விருந்துக்கு வந்திருந்தபோது, அவர் உள்ளே இருப்பது தெரியாமல் குளியலறை விளக்கை வெளியிலிருந்து அணைத்தார். "அத்தான்! அத்தான்! நான் இன்னும் உள்ளதான் இருக்கேன் அத்தான்!" என்று மச்சான் கதவைத் தட்டிய தட்டில் தெருவே கூடியது. அதற்குப் பிறகு அந்த வீட்டுக்கு விருந்தாளி வரவில்லை. அதிலும் கொஞ்சம் மின்சாரம் மிச்சமானது.

"எண்பதுக்குக் கொண்டுவந்துட்டேன் அம்மா. எண்பது யூனிட்!"

உலகம்மை தலையாட்டினாள். பாராட்டா, பரிதாபமா என்று தெரியவில்லை.

"ஆனா ஆவுடை…" அவர் குரல் எண்பதிலிருந்து இருபதுக்கு இறங்கியது. "பெட்டி கட்டிட்டா. ஞாயித்துக்கிழமை சாயங்கால ரயில். ஓசூர்ல மக வீட்டுக்கு. திரும்பி வர டிக்கெட் போடலை."

"எப்போ முடிவு பண்ணாங்க?"

"போன மாசம். சின்ன விஷயம்தான். நான் வெளியே போயிருந்தேன். வந்து டிவிக்குப் பின்னாடி கை வச்சா கொதிக்குது. மூணு மணி நேரமாவது ஓடியிருக்கும். யாரும் பார்க்காமலே ஓடியிருக்கு! அவ பக்கத்துக் கட்டில்ல காய்ச்சல்னு சுருண்டு படுத்திருக்கா. யாருக்காக ஓடுது இந்த டிவின்னு சத்தம் போட்டேன். அவ ஒண்ணும் சொல்லலை. எழுந்து அணைச்சா. மறுநாள் மகளுக்குப் போன் பண்ணிட்டா."

உலகம்மை அவரையே பார்த்தாள். பிறகு அடுத்த வெங்காயத்தை எடுத்தாள்.

"கரண்டும் மிச்சமாகணும், ஆவுடையும் போகக் கூடாது. ரெண்டும் நடக்குமா அம்மா?"

"இன்னைக்கு அரிசிப் பெட்டி உங்க பொறுப்பு," என்றாள் உலகம்மை.

பெட்டியை வெயிலுக்கு நேராகத் திருப்புவது எப்படி என்று மட்டும் காட்டினாள். பெட்டியின் சாய்வான விளிம்பில் ஓர் ஆணி நட்டமாக நின்றது. ஆணியின் நிழல் எந்தப் பக்கம் விழுகிறதோ அதைப் பார்த்துப் பெட்டியைத் திருப்ப வேண்டும். நிழல் ஆணிக்குள்ளேயே ஒடுங்கிவிட்டால் பெட்டி சூரியனைப் பார்க்கிறது என்று அர்த்தம். அரைமணிக்கு ஒருதரம் திருப்பினால் போதும்.

குற்றாலலிங்கம் அவ்வளவோடு விடுகிற ஆளா? மூடியைத் திறந்து தெர்மாமீட்டரை உள்ளே விட்டார். ஐம்பத்தெட்டு. எழுதிக்கொண்டார். பத்து நிமிடம் கழித்துத் திறந்தார். அறுபத்தொன்று. மறுபடியும் பத்து நிமிடம். அறுபது.

"இறங்குதே?" என்று பதறி, இனி ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் பார்ப்பது என்று முடிவு செய்தார்.

மத்தியானம் மினிபஸ் வந்து நின்றது. டிரைவர் இசக்கி இறங்கி, கை கழுவி, வேம்படியில் சம்மணம் போட்டான். தட்டில் விழுந்த சோறு கலகலவென்று சத்தம் போட்டது.

"சாமி, இது சாப்பிடறதுக்கா, பல்லாங்குழி ஆடறதுக்கா?"

உலகம்மை சிரிக்காமல் உள்ளே போய்க் கம்மங்கூழ்ப் பானையைத் தூக்கி வந்தாள். அவர் பேசப் பேச அவள் உரித்த வெங்காயம் அதற்குத்தான் என்பது அப்போதுதான் குற்றாலலிங்கத்துக்குப் புரிந்தது. காலையிலேயே அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

"வெயில் நல்லா இருந்துச்சு. திசை சரியா இருந்துச்சு. நானும் கண்ணை எடுக்கலை. எங்கே தப்பு?"

"நாளைக்கும் உங்க பொறுப்புதான்."

திரும்பிப் போகிற பஸ்ஸில் இசக்கி சும்மா வரவில்லை. ஒவ்வொரு நிறுத்தத்திலும் குற்றாலலிங்கத்தின் குரலிலேயே, மூக்கால், அளந்து அளந்து கூவினான். "ஐம்பத்தெட்டு எல்லாம் இறங்கு! அறுபது எல்லாம் ஏறு! அறுபத்தொண்ணு படியில நிக்காதே!" பஸ்ஸே சிரித்தது. குற்றாலலிங்கம் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவருக்கும் உதட்டோரம் கொஞ்சம் துடித்தது.

வீட்டுக்குள் நுழைந்ததும் அவர் கால் நேராக டிவிக்குத்தான் போனது. கை தானாகவே பின்பக்கம் போய்த் தொட்டது. குளுகுளுவென்று இருந்தது. அடுத்து மிக்ஸி. அதற்கடுத்து இஸ்திரிப் பெட்டி.

ஆவுடை கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கை வச்சுப் பாத்துட்டீயளா? காய்ச்சல் ஏதும் இருக்கா?"

"எதுக்கு?"

"டிவிக்குத்தான். மிக்ஸி மூஞ்சியும் வாடிப்போன மாதிரி இருக்கு. இஸ்திரிப் பெட்டிக்கு ராத்திரி ரெண்டு தடவை இருமல்."

"கிண்டலா?"

"நான் ஏன் கிண்டல் பண்ணுதேன்? இந்த வீட்ல சூடு பாக்க ஆள் இருக்கே, அது எவ்வளவு பெரிய காரியம்."

உள்ளே போய்விட்டாள். வாசல் பக்கத்தில் அவள் கட்டி வைத்த பை நின்றது. ஜிப் முழுக்க மூடியிருந்தது.

மறுநாள் அவர் ரொம்பக் கட்டுப்பாடாக இருந்தார். அதாவது நான்கே தடவைதான் திறந்தார். அதிலும் இரண்டு தடவை முழுக்கத் திறக்கவில்லை. திருடனைப் பார்க்கிற மாதிரி ஓரத்தை மட்டும் தூக்கி ஒரு கண்ணால் பார்த்தார். மூக்குக் கண்ணாடியில் ஆவி படிந்து ஒன்றும் தெரியவில்லை. அதைத் துடைத்துவிட்டு மறுபடி பார்க்கத் திறந்ததையும் சேர்த்தால் ஐந்து.

"நல்ல முன்னேற்றம் அண்ணாச்சி," என்றான் இசக்கி மென்றுகொண்டே. "இன்னைக்குக் கல்லுக்கு நடுவுல சோறு கிடக்கு."

குற்றாலலிங்கத்துக்குச் சுருக்கென்றது. தட்டை வைத்துவிட்டு உலகம்மையிடம் போனார்.

"திறக்காம உள்ளே என்ன நடக்குதுன்னு எப்படித் தெரியும் அம்மா?"

"தெரியாது."

"தெரியாம எப்படி?"

"தெரியாமத்தான் வேகும்."

"அப்போ எப்பத்தான் திறக்கிறது?"

"பசிக்குத் திறக்கலாம்."

"சந்தேகமா இருந்தா?"

அவள் பருப்புப் பெட்டியைத் திருப்பப் போய்விட்டாள். ஆணியின் நிழல் சுருங்கிச் சுருங்கி ஆணிக்குள் போனது.

சனிக்கிழமை காலை குற்றாலலிங்கம் தெர்மாமீட்டரை உலகம்மையின் கையில் கொடுத்துவிட்டார்.

"எனக்கெதுக்கு?" என்றாள்.

"என்கிட்ட இருந்தா திறப்பேன்."

"அப்போ உங்ககிட்டயே இருக்கட்டும்," என்று திருப்பிக் கொடுத்தாள்.

சட்டைப் பையில் தெர்மாமீட்டரோடு, பெட்டிக்குப் பக்கத்தில், ஆணியின் நிழலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. முழங்காலில் வைத்தார். அது மூடிப் பக்கம் நகர்ந்தது. தொடைக்கடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டார். அறுபத்தொரு வயது மனிதர், தேர்வு மண்டபத்துப் பையனைப் போல.

சும்மா இருந்தால் நினைவு வரும். அதுதான் வந்தது.

டிவியின் பின்பக்கம். அதன் கொதிப்பு. அதில் தன் உள்ளங்கை. அந்த உள்ளங்கையிலிருந்து கட்டில் எவ்வளவு தூரம்? அளந்து பழகிய மனிதர், மனதுக்குள்ளேயே அளந்தார். மூன்றடி. மிஞ்சிப்போனால் மூன்றரை. கையை நீட்டியிருந்தால் எட்டியிருக்கும்.

ஆணியின் நிழல் ஒரு விரல் நீளம் வெளியே வந்திருந்தது. எழுந்து பெட்டியைத் திருப்பினார். மூடியைத் தொடவில்லை.

உச்சி வெயிலில் உலகம்மை வந்து, "பசிக்குதா?" என்றாள்.

"பசிக்குது."

"திறங்க."

ஆவி குப்பென்று முகத்தில் அடித்தது. மூக்குக் கண்ணாடி முழுக்க வெள்ளை. குருடரைப் போலத் துழாவி ஒரு பருக்கையை எடுத்து நசுக்கினார். பூவாக இருந்தது.

"அண்ணாச்சி!" என்று வேம்படியிலிருந்து கத்தினான் இசக்கி. "ஆளை மாத்திட்டாங்களா? இது யாரு சமையல்?"

எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகும் குற்றாலலிங்கம் தட்டுக்கு முன்னால் அப்படியே இருந்தார்.

"அம்மா, அன்னைக்கு டிவி கொதிச்சுதுன்னு சொன்னேன்ல."

"சொன்னீங்க."

"அவளுக்கு எவ்வளவு இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாது."

உலகம்மை இன்னொரு கரண்டி பருப்பை அவர் தட்டில் ஊற்றினாள். சோறு காய்ந்திருக்கிறதே என்று ஊற்றுவது போலத்தான் ஊற்றினாள். அவர் தலையைக் குனிந்து பிசைந்தார்.

"நாளைக்கு அக்காவைச் சாப்பிடக் கூட்டிட்டு வாங்க," என்றாள் கொஞ்ச நேரம் கழித்து. "இங்கேருந்தே ஸ்டேஷனுக்குப் போகட்டும். இசக்கி கொண்டுபோய் விட்டுருவான்."

ஞாயிற்றுக்கிழமை பையோடு வந்து இறங்கினாள் ஆவுடை. மடத்தைச் சுற்றிப் பார்த்தாள். ஐந்து பெட்டிகளையும் பார்த்தாள். தன் வயதில் ஒரு குருவை எதிர்பார்த்து வந்தவள், உலகம்மையைப் பார்த்ததும் நின்றாள்.

"ஏ தாயி, நீதான் இவருக்குப் பாடம் நடத்துறியா? முப்பத்து மூணு வருசமா நடத்தி நானே பாஸ் பண்ண வைக்கல."

"நான் எங்கேக்கா நடத்துறேன்? அரிசி நடத்துது."

பத்தரை மணிக்கு மேகம் வந்தது. பெரிய மேகம் இல்லை. வழிதவறி வந்தது மாதிரி ஒரு வெள்ளை மேகம், சரியாக மடத்துக்கு மேலேயே நின்றுவிட்டது. ஆணிக்கு நிழலே இல்லை. குற்றாலலிங்கம் மேலே பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். ரயில் நான்கு மணிக்கு. இசக்கி இரண்டு மணிக்குக் கிளம்பியாக வேண்டும். உள்ளே அரிசி அரைவேக்காட்டில் நின்றிருக்குமா, ஆறிக்கொண்டிருக்குமா? ஆவுடை கடைசியாக அவர் கையால் சாப்பிடப்போவது பல்லாங்குழிச் சோறா?

கை தொடைக்கடியிலிருந்து நழுவி வெளியே வந்தது. மூடியின் கைப்பிடி வரை போனது. அங்கே நின்றது. திரும்பி வந்தது.

வேம்படியிலிருந்து ஆவுடை இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தாள். எழுந்து வந்தாள்.

"என்ன, திறந்து பாக்கலையா?"

"இல்ல."

"சட்டைப் பையில அந்தச் சூடு பாக்குற குச்சி இருக்குல்லா?"

"இருக்கு."

"பெறகு?"

"வேகட்டும்."

ஆவுடை அவரை ஏற இறங்கப் பார்த்தாள். முகத்தில் சந்தேகம் வந்தது. புறங்கையைத் திருப்பி அவர் நெற்றியில் வைத்தாள். அப்புறம் கழுத்தில் வைத்தாள்.

"உடம்புக்கு ஏதும் முடியலையா?"

அவ்வளவுதான். அந்தக் கை நெற்றியில் பட்டதும், குற்றாலலிங்கத்துக்கு உள்ளே எங்கேயோ ஒரு மூடி திறந்துகொண்டது.

"உனக்கு அன்னைக்கு எவ்வளவு இருந்துச்சு?"

"எது?"

"காய்ச்சல்."

ஆவுடை கையை எடுத்துக்கொண்டாள். முந்தானையைச் சரிசெய்தாள்.

"நூத்தி மூணு. பக்கத்து வீட்டு டீச்சர் வச்சுப் பாத்தா."

அவர் தலை மட்டும் ஆடியது.

"டிவியை நான் பாக்கலதான். நீங்க சொன்னது சரிதான்," என்றாள் ஆவுடை, மேகத்தைப் பார்த்துக்கொண்டே. "கண்ணே திறக்க முடியல. வீட்ல யாரோ பேசிட்டு இருந்தா தேவலைன்னு இருந்துச்சு. அதான் போட்டேன். யாரோ ஒருத்தி புளிக்குழம்பு எப்படி வைக்கணும்னு சொல்லிட்டு இருந்தா. எனக்குத் தெரிஞ்ச குழம்புதான். இருந்தாலும் கேட்டுட்டே படுத்திருந்தேன்."

மேகம் நகர்ந்தது. ஆணியின் காலடியில் நிழல் பளிச்சென்று விழுந்தது. குற்றாலலிங்கம் எழுந்தார். பெட்டியின் ஒரு பக்கத்தை அவர் பிடித்தார். இன்னொரு பக்கத்தை, யாரும் சொல்லாமலே, ஆவுடை பிடித்தாள். இரண்டு பேருமாகத் திருப்பினார்கள்.

"இன்னும் கொஞ்சம் இப்படி," என்றார்.

"எனக்குக் கண்ணு தெரியுது," என்றாள்.

சோறு வேக மத்தியானம் ஒரு மணி ஆகிவிட்டது. வெந்தது. ஆவுடை இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டாள். அவர் தன் தட்டைப் பார்க்கவே இல்லை. அவள் நெற்றியில் வெயிலுக்கு முத்து முத்தாக வியர்த்திருந்தது. கையை நீட்டினார். பாதி வழியில் கூச்சம் வந்தது. இருந்தாலும் நீட்டினார். புறங்கை சரியாக நெற்றியில் படாமல் புருவத்தில் பட்டது. பழக்கம் இல்லாத கை.

"இப்ப இல்ல," என்றாள் ஆவுடை மெதுவாக. "இது வெயில்."

இசக்கி ஹாரன் அடித்தான். அடித்துவிட்டு இரண்டு பேரையும் பார்த்தான். "நான் வேணும்னா ஒரு டீ குடிச்சிட்டு வரட்டுமா அண்ணாச்சி? பக்கத்து ஊர்லதான் கடை. நடந்தே போயிட்டு வாரேன்."

"ஒண்ணும் வேண்டாம்," என்று ஆவுடை பையை எடுத்தாள். "பேத்தி காத்துட்டிருப்பா. வண்டியை எடு."

அவள் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். குற்றாலலிங்கம் கீழே நின்றார். வாய் திறந்தது. மூடிக்கொண்டது.

"கேக்க மாட்டீயளா?" என்றாள் ஜன்னல் வழியாக.

"என்ன?"

"எப்ப வருவேன்னு."

அவருடைய கை சட்டைப் பையில் இருந்த தெர்மாமீட்டரை இறுக்கிப் பிடித்திருந்தது. அவர் கேட்கவில்லை.

ஆவுடை அவரை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தாள். உதட்டோரத்தில் என்னவோ வந்தது. சிரிப்பு என்று சாட்சி சொல்ல முடியாது.

"வாரப்ப வாரேன்," என்றாள்.

பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது.

அதற்கப்புறம் தினமும் அவளுக்குப் போன் செய்தார். சாப்பிட்டாயா என்று கேட்டார். பேத்தி பல் முளைத்த கதையைக் கேட்டார். ஓசூர்க் குளிரைப் பற்றிக் கேட்டார். மகள் வீட்டில் எல்லா அறையிலும் விளக்கு எரிகிறது என்று ஆவுடை வேண்டுமென்றே சொன்னபோதும், "சரி, சரி," என்றார். வருகிற நாளை மட்டும் கேட்கவில்லை. ஒவ்வொரு தடவையும் போனை வைத்துவிட்டு, கையைத் தொடைக்கடியில் வைத்து உட்கார்ந்துகொண்டார்.

ஃபேன் ரெகுலேட்டரில் சுற்றிய டேப்பைப் பிரித்தார். பசை போகவில்லை. மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தார்.

பத்தாம் நாள் மடத்துக்கு வந்தபோது அவர் கக்கத்தில் ஒரு சின்ன சோலார் பலகை இருந்தது. விரித்து வைத்த பெரிய ஓவிய நோட்டு அளவு. கையில் ஒரு பேட்டரி, ஒரு பல்பு, சுருட்டிய வயர்.

உலகம்மை வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"ஆரம்பிச்சிட்டேன் அம்மா. வீட்ல முதல் வெயில் இதுதான். வாசலுக்கு."

"ம்."

"பகல் முழுக்க வெயிலைப் பிடிச்சு வச்சுக்கும். பொழுது சாயறப்போ எரிய ஆரம்பிச்சா விடியிற வரைக்கும் எரியும். ரெண்டு நாள் மேகம் போட்டாலும் தாங்கும், கணக்குப் போட்டுட்டேன்."

"ம்."

அவர் பலகையைத் தரையில் வைத்தார். உட்கார்ந்தார். வயரைச் சுருட்டினார், பிரித்தார், மறுபடி சுருட்டினார்.

"ஓசூர் ரயில் விடியறதுக்கு முன்னாலயே வந்துரும். வாசல் இருட்டா இருக்கும். அந்தப் படியை இன்னும் பூசலை. கொத்தனார் நாளைக்கு நாளைக்குங்கிறான். அவ எந்த நாள் வருவான்னு எனக்குத் தெரியாது. கேக்கலை. அதனால தினமும் எரியணும்."

"எரியட்டும்."

"அதுதான் அம்மா மனசை உறுத்துது." அவர் குரல் தாழ்ந்தது. "அவ வரப்போறது ஒரே ஒரு நாள். வராத ராத்திரியெல்லாம் சும்மா எரியுமே. யாருமே வராத வாசல்ல. அது விரயம் இல்லையா? ஒன்பது வாட்."

உலகம்மை தோளில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெங்காயம்தான். பல்பைக் கையில் வாங்கி, வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தாள்.

"ஒன்பது போதுமா, ஐயா?"